சுவரை வைத்துத்தான் சித்திரம்

(மதுரைத் திரையரங்குகளின் பழைய புகைப்படக் கண்காட்சித் தொடக்க நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, வாடகை என்ற பேச்சையே எடுக்காமல் இந்த மண்டபத்தைத் தந்துதவிய பெரியோர்களே, எனக்கு எட்டாம் வகுப்பில் தமிழ் சொல்லித்தந்து, தொண்ணூறை நெருங்கும் வயதிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் ஆசிரியர் ஐயா அவர்களே, மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, கிளை நூலகர் அவர்களே, பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் கிடந்த படங்களைத் தேடி எடுத்துக் கொடுத்த தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

மாமன்ற உறுப்பினர் அம்மா இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கிறார். நூலகர் தம் விடுமுறை நாளை நமக்குக் கொடுத்திருக்கிறார். இருவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அமர்த்தும்படி நான்தான் கேட்டுக்கொண்டேன். அதன் காரணம் சற்று நேரத்தில் தெரியும்.

மூன்று செய்திகள் பேச வந்திருக்கிறேன். நம் கொட்டகைகள் எப்படி எழுந்தன என்பது ஒன்று. அவற்றில் உழைத்தவர்கள் யார் என்பது இரண்டாவது. இந்தப் படங்களை நாம் என்ன செய்யப்போகிறோம் என்பது மூன்றாவது.

‘சுவரை வைத்துத்தான் சித்திரம்’ என்று என் அப்பத்தா அடிக்கடி சொல்வார். நேரத்துக்குச் சாப்பிடாமல் ஊர் சுற்றும் பேரனுக்காக அவர் சொன்னது அது. நான் அதைக் கொட்டகைக்கும் சேர்த்துச் சொல்கிறேன். வெள்ளைத் திரை கட்டிய ஒரு சுவரைப் பார்த்துத்தானே இந்த ஊர் ஐம்பது அறுபது ஆண்டுகள் சிரித்தது, அழுதது!

தமிழகத்தில் சினிமா வேரூன்றிய கதை பலருக்கும் தெரிந்ததுதான். ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905 இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். பிறகு 1914 இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தத் தெருவுக்கு இன்றும் அதுதான் பெயர்.

நம் மதுரைக்குத் தனிப் பெருமை உண்டு. 1937 இல் எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘சிந்தாமணி’ ஓடிய ஓட்டத்தில், அதைத் தயாரித்த மதுரைக்காரர்கள் கிடைத்த லாபத்தில் ஒரு தியேட்டரையே கட்டி, அதற்கும் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டரில் சுமார் 2,500 பேர் உட்காரலாம். ஆசியாவிலேயே பெரியது என்று வெளியூர் உறவினர்களிடம் சொல்லிச் சொல்லி நாம் மார்தட்டினோம். இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை நிற்கிறது. புடவை எடுக்கப் போகும்போதெல்லாம், பால்கனிப் படி எந்தப் பக்கம் இருந்தது என்று என் கண் தேடுகிறது.

ரீகல் தியேட்டரை மறக்க முடியுமா? ரயில் நிலையத்துக்கு எதிரே விக்டோரியா எட்வர்டு மன்றம். பகலில் அங்கே பத்திரிகையும் புத்தகமும் படிப்பார்கள். பொழுது சாய்ந்தால் அதே கட்டடத்தில் ஆங்கிலப் படம். நூலகமும் சினிமாவும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் செய்த ஊர் நம் ஊர். நூலகர் அவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி படங்களுக்கு வருகிறேன். இங்கே மாட்டியிருப்பவற்றை உற்றுப் பாருங்கள். தியேட்டரைப் படமெடுக்க வேண்டும் என்று நினைத்து யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை. மாப்பிள்ளை ஊர்வலம், கட்சி ஊர்வலம், சித்திரைத் திருவிழாக் கூட்டம், புதிதாக வாங்கிய சைக்கிள் என்று எதையோ எடுத்திருக்கிறார்கள். தியேட்டர் பின்னால் நிற்கிறது. எப்போதும் இருக்கப்போகிற ஒன்றை எதற்குப் படமெடுப்பது என்றுதானே அன்று நினைத்திருப்பார்கள்!

இடது பக்கச் சுவரில் மூன்றாவது படம். சென்ட்ரல் சினிமா வாசல். இடுப்பில் கைக்குழந்தையோடு ஓர் அம்மா நிற்கிறார். திருவிழாவுக்குப் பினாங்கிலிருந்து வந்த தம்பி எடுத்த படமாம். அந்த அம்மாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் 1955 இல் பிறந்தவர், இளையவர் 1960 இல் பிறந்தவர். இடுப்பில் இருப்பது யார் என்பதுதான் வழக்கு! அம்மாவும் இல்லை, மாமாவும் இல்லை. கேட்பதற்கு ஆளில்லாமல் அண்ணனும் தம்பியும் பல ஆண்டுகளாக ‘நான்தான், நான்தான்’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். படத்தைக் கொடுக்க என் வீட்டுக்கு வந்தபோதும் திண்ணையிலேயே தொடங்கிவிட்டார்கள். “காதைப் பாருங்கள், என் காது” என்கிறார் அண்ணன். “கையில் கிடப்பது என் காப்பு” என்கிறார் தம்பி.

மேலே பேனர் தெரிகிறதே, படத்தின் பெயரைப் பார்த்தால் ஆண்டு தெரிந்துவிடுமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பேனரில் பாதியைக் குதிரை வண்டியின் கூண்டு மறைக்கிறது. முழுதாகத் தெரிந்திருந்தாலும் நம்ப முடியாது. நன்றாக ஓடிய படத்தை அடுத்தடுத்த ஆண்டுகளில் திரும்பத் திரும்பப் போடுவார்கள்.

உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துவந்தேன். மூன்று தலைகளும் படத்தின் மேல் கவிழ்ந்தன. டிக்கெட் கொடுக்கும் பொந்துக்கு மேலே சிறிய பலகை ஒன்று. ‘தரை’ என்ற எழுத்துத் தெரிகிறது. அதற்கு எதிரே 25. அதற்கும் பக்கத்தில், கொசு அளவுக்கு, ‘ந.பை.’

நயா பைசா! நாலணா என்பது இருபத்தைந்து நயா பைசாவாக மாறியது 1957 ஏப்ரலில். ‘நயா’ என்ற சொல்லை எடுத்துவிட்டது 1964 இல். ஆகவே படம் அந்த ஏழு ஆண்டுகளுக்குள் எடுத்தது. 1955 இல் பிறந்தவர் அப்போது கைக்குழந்தையாக இருந்திருக்க முடியாது. தம்பிதான்!

தம்பிக்கு வாயெல்லாம் பல். அண்ணன் பேசவில்லை. கண்ணாடியை வாங்கி அந்தப் பலகையையே வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “அப்படியானால் நான் அப்பாவோடு உள்ளே படம் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்” என்றார். (பலத்த சிரிப்பு, கைதட்டல்.) இருவரும் இங்கேதான் இருக்கிறார்கள். சேர்ந்தே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஓர் அடிப் பலகை ஒரு குடும்ப வழக்கைத் தீர்த்தது என்றால், நம் வீடுகளில் இருக்கும் எல்லாப் படங்களும் ஓரிடத்தில் சேர்ந்தால் எத்தனை வழக்குகள் தீரும்! ஆனால் சேர்த்துவைக்க இடம் எங்கே? எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டூடியோவை மூடியபோது, அங்கிருந்த நெகட்டிவ்கள் மூட்டை மூட்டையாக எடைக்குப் போயின. அவற்றிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்களாம். ஒரு பகுதியின் முகங்களெல்லாம் அந்த மூட்டைகளில் போய்விட்டன. நான் விவரம் தெரிந்து ஓடுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சென்னையில் 1913 இல் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர், அண்ணா சாலை அஞ்சலக வளாகத்துக்குள் இன்றும் நிற்கிறது. அஞ்சல் துறை அதை இடிக்காமல் பயன்படுத்திக்கொண்டதால் நிற்கிறது. சுவரை வைத்துத்தான் சித்திரம்.

படம் காட்டும் கருவிக்குள் எரிந்த கார்பன் குச்சியின் வெளிச்சத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட ஆபரேட்டர்கள், சாரத்தில் நின்று பேனர் எழுதிய ஓவியர்கள், ஒரே பிரதியை இரண்டு தியேட்டர்களில் ஓட்டுவதற்காக ரீல் பெட்டியைச் சைக்கிளில் சுமந்து பறந்த பையன்கள், இவர்களைப் பற்றி இரண்டாவதாகப் பேசுவதாகச் சொன்னேன். அதற்குத் தனிக் கூட்டமே வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நேரே கோரிக்கைக்கு வருகிறேன்.

நம் கிளை நூலகத்தில், நாளிதழ்ப் பகுதிக்குப் பின்னால் ஒரு சுவர் வெறுமையாக இருக்கிறது. அளந்து பார்த்தேன், பதினான்கு அடி நீளம். அந்தச் சுவரை எங்களுக்குத் தாருங்கள். வெயில் படாத சுவர், ஓதம் இல்லாத சுவர். பக்கத்தில் பூட்டுடன் ஓர் இரும்பு அலமாரி. செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மாமன்ற உறுப்பினர் அம்மா ஒரு வார்த்தை சொன்னால், நூலகர் மேலிடத்துக்கு எழுதுவதற்கு வலு சேரும். மனு எழுதிக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் இருக்கிறது, போகும்போது எல்லோரும் கையெழுத்திடுங்கள்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே மண்டபத்தில் ஸ்கேனர் வைத்திருப்போம். படத்தைக் கொண்டுவாருங்கள், பிரதி எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருகிறோம். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரித்துவிடாதீர்கள், சட்டத்தோடு கொண்டுவாருங்கள். லேமினேஷன் செய்யாதீர்கள். பின்புறம் பெயர் எழுத வேண்டும் என்றால் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துவாருங்கள். யார், எந்தத் தெரு, எந்தக் கொட்டகை என்று கேட்டு எழுதிக்கொள்ள இரண்டு கல்லூரி மாணவிகள் வருகிறார்கள். வாய்ப்பளித்த தலைவருக்கு நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.