ஆபேத்நேகோவிலிருந்து பெண்டிகோ வரை

நேயர்களுக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவில், மெல்பர்னுக்கு வடமேற்கே சுமார் 150 கிலோமீட்டரில் பெண்டிகோ என்றொரு ஊர் இருக்கிறது. 1851 கடைசியில் அங்கே ஓர் ஓடையில் தங்கம் கிடைத்தது. முதலில் கண்டது யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பக்கத்து ஆட்டுப்பண்ணையில் வேலை பார்த்தவர்களின் மனைவிமார், மார்கரெட் கென்னடி, ஜூலியா ஃபாரெல் இருவரையும்தான் பலர் சொல்வார்கள். சில மாதங்களிலேயே மண்ணை அரித்துப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் கூடிவிட்டார்கள்.

சரி, பெண்டிகோ என்றால் என்ன? அந்த மண்ணின் பழங்குடிகளான ஜா ஜா வுரங் மக்களின் சொல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. விவிலியத்தில் தானியேல் புத்தகம் படித்தவர்களுக்கு அக்கினிச் சூளையில் போடப்பட்ட மூவரை நினைவிருக்கும்: சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 1811இல் பிறந்த வில்லியம் தாம்சன், ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று பிள்ளைகளில் ஒருவர் என்பார்கள். அதனால் ஊரார் விளையாட்டாக வைத்த பெயர் ஆபேத்நேகோ. அது வாயில் தேய்ந்து பெண்டிகோ ஆனது. அவர் வெறுங்கையால் மோதும் குத்துச்சண்டையில் பேர்போனவர், இடக்கைக்காரர். வயதான பிறகு, வேடிக்கையைப் பாருங்கள், வேதப் பிரசங்கியாராகிவிட்டார்!

அந்த ஆட்டுப்பண்ணையில் கைச்சண்டையில் கெட்டிக்காரரான ஒரு வேலையாளை, மற்றவர்கள் ‘பெண்டிகோ’ என்றே கூப்பிட்டார்களாம். அவர் குடிசை இருந்த ஓடை பெண்டிகோ ஓடை. ஓடையில் தங்கம் கிடைத்ததும் ஊருக்கும் அதே பெயர்.

அதிகாரிகளுக்கு இது கௌரவமாகப் படவில்லை போலும். இங்கிலாந்தின் ராணுவக் கல்லூரி இருக்கும் சாண்ட்ஹர்ஸ்ட் ஊரின் பெயரையே இதற்கும் சூட்டினார்கள். காகிதத்தில் சாண்ட்ஹர்ஸ்ட், ஜனங்கள் வாயில் பெண்டிகோ. இந்த இழுபறி சுமார் நாற்பது வருடம் நடந்தது. கடைசியில் 1891இல் வாக்கெடுப்பு வைத்தார்கள், பெண்டிகோ ஜெயித்தது.

அங்கே தங்கம் தேடி வந்த சீனர்கள் இந்தச் சண்டையிலேயே சேரவில்லை. அவர்கள் தங்கள் மொழியில் அந்த இடத்தை ‘தாய் கம் சான்’, அதாவது பெரிய தங்க மலை என்றார்கள். இன்றும் ஈஸ்டர் ஊர்வலத்தில் வரும் பெண்டிகோவின் நீளமான டிராகனுக்கு ‘தாய் கம் லூங்’ என்று பெயர். அதற்கு யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை.

வணக்கம்.