வி.பி.என். எந்த இடத்தில் நின்றது?

வணக்கம். திரையைக் காட்ட முடியாத வானொலியில் கணினிக் கோளாறைப் பற்றிப் பேசுவது விநோதமாகத் தோன்றலாம். எனக்கு அது பழகிப்போன விஷயம். என் பிழைப்பே தொலைபேசியில் கணினி பழுது பார்ப்பதுதான். எதிர்முனையில் இருப்பவரின் கண்ணால் பார்க்க வேண்டும், அவர் கையால் தட்ட வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஓர் அழைப்பு வந்தது. திருநெல்வேலிப் பக்கம் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கும் ஒரு பெண்மணி. "சார், சனிக்கிழமை வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னிக்கு வி.பி.என். கனெக்ட்டே ஆக மாட்டேங்குது" என்றார். வி.பி.என். என்பது வீட்டிலிருந்து இணையம் வழியாக அலுவலகக் கணினிகளுக்குப் பாதுகாப்பாகப் போகும் வழி. நான் எதுவும் சொல்லும் முன்பே எல்லாம் செய்து முடித்திருந்தார். ரவுட்டரை அணைத்துப் போட்டாயிற்று. அலுவலகத்தில் சொல்லிக் கடவுச்சொல்லை இரண்டு தடவை மாற்றியாயிற்று. மென்பொருளை நீக்கிவிட்டு, டவுன்லோட் ஃபோல்டரில் கிடந்த பழைய கோப்பைக் கொண்டு மறுபடி நிறுவியும் பார்த்தாயிற்று. இன்டர்நெட் இருக்கிறது, செல்போனில் வாட்ஸ்அப் ஓடுகிறது. வி.பி.என். மட்டும் வரவில்லை.

"ஸ்கிரீன்ல கீழே வலது மூலையில என்ன தேதி காட்டுதும்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "2018 ஜனவரி 1 சார்" என்றார்.

ஞாயிறு இரவு அங்கே வெகுநேரம் கரண்ட் இல்லை. மடிக்கணினி என்றால் தன் பாட்டரியில் தாங்கியிருக்கும். மேசைக் கணினிக்கு அந்த வசதி இல்லை. கரண்ட் இல்லாத நேரத்தில் அதன் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில், அதாவது கணினிக்குள் இருக்கும் முக்கியப் பலகையில், உள்ள ஒரு வட்டப் பாட்டரி. சி.ஆர். 2032 என்று அதன் மேல் எழுதியிருக்கும். 3 வோல்ட், நாணயம் போல இருக்கும். அது தீர்ந்துவிட்டால், கரண்ட் போய்த் திரும்பும்போது கணினிக்கு இன்று என்ன தேதி என்றே தெரியாது. தயாரித்த காலத்தில் பதித்த ஏதோ ஒரு தேதியில் போய் நிற்கும்.

தேதிக்கும் வி.பி.என்.னுக்கும் என்ன சம்பந்தம்? அலுவலக சர்வர் தன்னை நிரூபிக்க ஒரு சான்றிதழை நீட்டும். அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். கணினி தன் கடிகாரத்தைப் பார்க்கிறது, 2018. சான்றிதழோ போன வருடம் கொடுத்தது. 'இது இன்னும் பிறக்கவே இல்லையே' என்று கதவைச் சாத்திவிடுகிறது. கணினி செய்தது சரிதான். அதற்குக் கிடைத்த தகவல்தான் தப்பு.

விண்டோஸ் தானே நேரத்தைச் சரிசெய்துகொள்ளாதா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் செய்துகொள்ளும். ஆனால் வித்தியாசம் ரொம்பப் பெரிதாக இருந்தால் தயங்கும். டொமைன் எனப்படும், அலுவலகம் மொத்தமாக நிர்வகிக்கும் கணினிக் குழுவில் சேராத வீட்டுக் கணினியில் வழக்கமாக அந்த எல்லை 54,000 வினாடி, அதாவது 15 மணி நேரம். அவருடைய கணினி வருடக்கணக்கில் பின்தங்கியிருந்தது. தேதியைக் கையால் மாற்றச் சொன்னேன். இரண்டே நிமிடத்தில் கனெக்ட் ஆகிவிட்டது. காலையிலிருந்து பட்ட பாட்டில் ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை.

மென்பொருளை நீக்கி மறுபடி போடுவது என்பது எனக்குப் பிடிக்காத வைத்தியம். சில நேரம் பலிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பலித்தால் ஏன் பலித்தது என்று தெரியாது; பலிக்காவிட்டால் இருந்த அமைப்புகளும் போய்விடும்.

சரி, வி.பி.என். என்ன செய்கிறது? நீங்கள் எழுதிய கடிதத்தை ஒட்டி, அதை இன்னோர் உறைக்குள் போட்டு, அலுவலக வாசலுக்கு அனுப்புகிறது. வழியில் இருப்பவர்களுக்கு வெளி உறையின் முகவரி மட்டும்தான் தெரியும். வாசலில் வெளி உறையைப் பிரித்து, உள்ளே இருப்பதை உரியவரிடம் சேர்ப்பார்கள். ஆகவே என் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: கடிதம் எதுவரை போயிற்று?

விண்டோஸில் இருக்கும் வி.பி.என். வசதியையே பயன்படுத்துகிறீர்கள் என்றால், அது ஓர் எண்ணைக் காட்டும். அதை மூடிவிடாமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 868 என்றால் சர்வரின் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை. பெயரில் எழுத்துப்பிழை இருக்கலாம், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். வேலை செய்யாமல் இருக்கலாம். 691 என்றால் வாசல்வரை போய்விட்டீர்கள், பயனர் பெயரோ கடவுச்சொல்லோதான் ஒத்துக்கொள்ளவில்லை. கேப்ஸ் லாக்கைப் பாருங்கள். 809 என்றால் வாசலிலிருந்து பதிலே இல்லை. 809 வரும்போது கடவுச்சொல்லை மாற்றி ஒரு பயனும் கிடையாது, அதைக் கேட்கும் இடம்வரை நீங்கள் போகவே இல்லை.

இந்த 809 கொஞ்சம் தொல்லை பிடித்தது. வி.பி.என்.னில் பல வகை உண்டு. அதில் எல்.2.டி.பி. என்ற வகைக்கு, யூ.டி.பி. என்ற அனுப்பும் முறையில் 500, 4500 என்ற இரண்டு வாசல் எண்கள், அதாவது போர்ட்டுகள், திறந்திருக்க வேண்டும். வீட்டு ரவுட்டரோ, விடுதியின் வைஃபையோ, இணையச் சேவை கொடுப்பவரோ இவற்றில் ஒன்றை அடைத்திருக்கலாம். யார் அடைத்தது என்று கண்டுபிடிக்க நான் செய்யச் சொல்லும் சோதனை ஒன்றுதான். செல்போனை யூ.எஸ்.பி. வயரில் கணினியோடு இணைத்து, போனின் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவை வைத்துக்கொண்டு, போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் யூ.எஸ்.பி. டெதரிங்கை ஆன் செய்யுங்கள். மேசைக் கணினியில் வைஃபை இல்லாவிட்டாலும் இது நடக்கும். ரவுட்டரின் வயரைக் கழற்றிவிட்டு வி.பி.என்.னைப் போட்டுப் பாருங்கள். போன் வழியாக வருகிறது என்றால் கணினியும் சரி, கடவுச்சொல்லும் சரி, அலுவலக சர்வரும் சரி. கோளாறு ரவுட்டரில் அல்லது வீட்டு இணைப்பில். அதிலும் வரவில்லை என்றால் கணினியையோ அலுவலகத்தையோ பார்க்க வேண்டும்.

அலுவலகத்திலும் தப்பில்லை, நம்மிடமும் தப்பில்லை என்ற நிலையும் உண்டு. 2022 ஜனவரி 11 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் புதுப்பிப்பை நிறுவிய பல கணினிகளில் எல்.2.டி.பி. இணைப்பு நின்றுபோனது. அந்த நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு 17ஆம் தேதி தனியாகத் திருத்தம் வெளியிட்டது. 2024 ஏப்ரல் புதுப்பிப்பிலும் வி.பி.என். சிக்கல் வந்தது, மே மாதத்தில் சரிசெய்தார்கள். அதனால் 'நேற்றுவரை வந்தது' என்று சொல்பவரிடம், ராத்திரி கணினி தானாக ரீஸ்டார்ட் ஆயிற்றா என்றும் கேட்டுக்கொள்வேன்.

இனி, கனெக்ட் ஆகியும் வேலை நடக்காத கதை. எனக்கு இதில்தான் சுவாரசியம் அதிகம். எல்லா ஊரிலும் ஒரு காந்தி தெரு இருக்கும் இல்லையா? தபால்காரரிடம் ஊர் பெயர் சொல்லாமல், 'காந்தி தெரு, பத்தாம் எண்' என்றால் தன் ஊர்த் தெருவுக்குத்தான் போவார். வீட்டு ரவுட்டர்களில் பல 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுக்கின்றன. சின்ன அலுவலகங்களும் அதையே வைத்துக்கொள்கின்றன. அலுவலகக் கணினியின் முகவரி 192.168.1.10 என்றால், உங்கள் கணினி அதை உங்கள் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். வி.பி.என். பச்சை விளக்கு காட்டும், ஆனால் ஒரு ஃபோல்டரும் திறக்காது. இதற்கு வீட்டு ரவுட்டரின் தெருவை மாற்றிவிடலாம், 192.168.50 என்று. நியாயமாக மாற வேண்டியது அலுவலகம்தான். தனியார் உபயோகத்துக்கென்று 1996லேயே ஒதுக்கிய முகவரிகளில், 10 என்று தொடங்கும் பகுதியில் மட்டும் 1 கோடியே 67 லட்சம் எண்கள் உண்டு. அவ்வளவு இடம் காலியாகக் கிடக்க, எல்லாரும் காந்தி தெருவிலேயே குடியேறினால் என்ன செய்வது?

இன்னொன்று, லாகின் பக்கம் வரும், பெரிய கோப்பைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். இது உறையின் அளவுப் பிரச்சினை. இணையத்தில் தகவல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும். வழக்கமான இணைப்பில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை போகலாம். ரவுட்டர் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழையும் பி.பி.பி.ஓ.இ. முறையில் வரும் வீட்டு இணைப்பில் 8 குறைந்து 1492. அதற்குள் வி.பி.என். தன் வெளி உறையையும் நுழைக்க வேண்டும். உள் கடிதத்தை முழு அளவில் எழுதினால் உறை கொள்ளாது. வழியில் எங்கோ சத்தமில்லாமல் விழுந்துவிடும். சின்னக் கடிதங்கள் மட்டும் போய்ச் சேரும். வயர்கார்டு என்ற வி.பி.என். மென்பொருள் இதை யோசித்துத்தான் வழக்கமாக 1420 என்று அளவைக் குறைத்துக்கொள்கிறது. உங்களுடைய வி.பி.என்.னில் பொட்டலத்தின் உச்ச அளவைக் குறிக்கும் எம்.டி.யூ. என்ற அமைப்பு இருந்தால் 1400, அதுவும் போதாவிட்டால் 1300 என்று இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆன்டிவைரஸையும் ஃபயர்வாலையும் அணைத்துப் பார்க்கச் சொல்வார்கள். ஐந்து நிமிடச் சோதனைக்குச் சரி, மறுபடி ஆன் செய்ய மறக்கக் கூடாது. 'உங்கள் வி.பி.என்.னைச் சரிசெய்து தருகிறேன்' என்று முன்பின் தெரியாத ஒருவர் தானாகப் போன் செய்தால், அவருக்குக் கணினியைத் திறந்துவிடாதீர்கள். போனை வைத்துவிட்டு அலுவலகத்தின் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

அப்படிக் கூப்பிடும்போது, கடைசியாக எப்போது வேலை செய்தது, திரையில் என்ன எண் வந்தது, செல்போன் இணைப்பில் போட்டால் வருகிறதா, இந்த மூன்றையும் சொல்லிவிட்டால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

திருநெல்வேலி அம்மாவை அன்றைக்கே புது வட்டப் பாட்டரி வாங்கிப் போடச் சொன்னேன். நீங்களும் போடப் போகிறீர்கள் என்றால், முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பழைய பாட்டரியில் எழுத்து எந்தப் பக்கம் இருந்ததோ, அதே பக்கமாகப் புதியதை வையுங்கள். கணினியை ஆன் செய்ததும் தேதியை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.