வாளையின் பெயரில் ஒரு தமிழ்ச் சொல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

விலங்கியல் வரலாறு என்றதும் அரிஸ்டாட்டில், லின்னேயஸ், டார்வின் என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். நான் இன்று உங்களைத் தரங்கம்பாடிக் கரைக்கு அழைத்துப்போக வந்திருக்கிறேன்.

1758-இல் லின்னேயஸ், உயிர்களை வகைப்படுத்தும் தம் நூலின் பத்தாம் பதிப்பில் விலங்குகளுக்கெல்லாம் பேரினம், சிற்றினம் என்ற இரட்டைப் பெயர் சூட்டினார். திமிங்கிலத்தை மீன் கூட்டத்திலிருந்து பிரித்துப் பாலூட்டிகளோடு சேர்த்ததும் அந்தப் பதிப்பில்தான். ஆனால் நம் ஆற்றிலும் கடலிலும் கிடைக்கும் மீன்களில் மிகப் பல அதில் இல்லை. யாராவது பிடித்து, கெடாமல் கப்பலேற்றினால்தானே பெயர் வைக்க முடியும்?

அப்படி அனுப்பியவர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான். டேனிஷ்காரர்களின் கையிலிருந்த தரங்கம்பாடிக்கு 1771-இல் வந்த ஜெர்மானியப் பாதிரியார். அப்போது பெர்லினில் மார்க்கஸ் புளோக் என்ற மருத்துவர், 432 வண்ணப் படங்களோடு மீன்களைப் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டு வந்தார். ஜான் இங்கிருந்து அனுப்பினார். புளோக் அங்கே வகைப்படுத்தினார். நம் விராலுக்கு 1793-இல் அறிவியல் பெயர் வைத்தவர் புளோக்தான். கத்தாழை மீன்களின் பேரினத்துக்கு 'ஜோனியஸ்' என்று தம் நண்பரின் பெயரையே இட்டார்.

1799-இல் புளோக் இறந்தார். விட்ட பணியை முடித்து 1801-இல் வெளியிட்ட ஷ்னைடர் என்ற அறிஞர், துடுப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு மீன்களை வகுத்தார். வீட்டு வாசல்களை எண்ணி உறவுமுறை சொல்வது போலத்தான் இதுவும். அதனால் அந்த வகைப்பாடு நிலைக்கவில்லை. பின்னால் பிரான்சில் குவியே என்ற விலங்கியலாளர் வந்து, மீனை அறுத்து எலும்பையும் உள்ளுறுப்பையும் ஒப்பிட்ட பிறகே உறவுகள் துலங்கத் தொடங்கின.

பனையேறிக் கெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1791 நவம்பரில், நீர்மட்டத்துக்கு ஐந்தடி மேலே பனையில் ஏறியிருந்த அந்த மீனைத் தரங்கம்பாடியில் தாம் பிடித்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி எழுதினார். மெய்யாகவே ஏறுமா என்று அறிஞர்கள் பிறகு வெகுநாள் வாதாடினார்கள். காக்கையோ பருந்தோ கொண்டுபோய்ப் போட்டிருக்கும் என்றவர்களும் உண்டு. அது ஒருபுறம் இருக்கட்டும். உருவத்தில் அதற்கும் விராலுக்கும் என்ன ஒற்றுமை? ஆனால் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் அறை இரண்டுக்கும் உண்டு. இன்றைய விலங்கியல் இரண்டையும் 'வரிசை' என்னும் ஒரே உறவுக் குழுவில் வைக்கிறது. இரண்டும் பானையில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே உயிரோடு கிடக்கும் என்பது நம் மீன்காரர்களுக்கு என்றைக்கும் தெரியும்.

அந்த மீன்காரர்களின் பெயர் எதுவும் ஏட்டில் ஏறவில்லை. எனக்கு அது உறுத்துகிறது. வலை போட்டது யார்? சேற்று மீன் எது, ஆற்று மீன் எது என்று பிரித்துச் சொன்னது யார்?

ஒரே ஒரு தடயம் இருக்கிறது. அந்த 1801-ஆம் ஆண்டு நூலில்தான் வாளைக்கும் பெயர் வைத்தார்கள். இன்று உலகம் முழுவதும் அதன் பெயர் 'வல்லகோ அட்டு'. அந்த 'அட்டு' லத்தீன் அல்ல. 'ஆத்து வாளை'யில் உள்ள ஆத்துதான். "இது என்ன மீனப்பா?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். "ஆத்து வாளைங்க" என்று நம் ஆள் ஒருவர் சொல்லியிருக்கிறார்.