சார்ஜ் ஏற மறுக்கும் கேமரா பேட்டரி

நேயர்களுக்கு வணக்கம். முகூர்த்தம் நெருங்கும் நாட்களில், கேமரா பழுது பார்க்கும் என் கடைக்கு வருகிறவர்களில் சிலர் கேமராவைக் கொண்டுவருவதில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்து மேசைமேல் வைத்து, "இது செத்துப்போச்சுண்ணே, வேற ஒண்ணு கொடுங்க" என்கிறார்கள். அப்படிக் கைவிடப்படும் பேட்டரிகளில் சில உண்மையில் சாகவில்லை என்பதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

கேனான் எல்பி-ஈ6, நிக்கான் ஈஎன்-ஈஎல்15 போன்ற, கல்யாண வேலையில் அதிகம் புழங்கும் பேட்டரிகளுக்குள் இரண்டு லித்தியம் அயனிக் கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு கலம் நிறைந்தால் 4.2 வோல்ட், இரண்டும் சேர்ந்தால் 8.4 வோல்ட். அவற்றோடு விரல்நகம் அகலத்தில் ஒரு மின்சுற்றுப் பலகையும் இருக்கிறது. கலங்கள் அளவுக்கு மீறி நிறையாமலும் அளவுக்கு மீறி வடியாமலும் காவல் காப்பது அதன் வேலை. சார்ஜரின் விளக்கு வழக்கத்துக்கு மாறாக வேகமாகத் துடித்தால், பேட்டரி கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. ஏதோ ஒன்று சரியில்லாததால் மின்சாரம் செலுத்த சார்ஜர் மறுக்கிறது என்பதுதான் அதன் பொருள். அந்த ஏதோ ஒன்று எங்கே இருக்கிறது என்று அறிய, அதே சார்ஜரில் வேறொரு பேட்டரியையும், அதே பேட்டரியை வேறொரு சார்ஜரிலும் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை இது. ஆனாலும் இதைச் செய்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள் மிகக் குறைவு.

குறை பேட்டரியின் பக்கம் என்று தெரிந்தால், முதலில் அதன் உலோக முனைகளைப் பாருங்கள். நேர்முனை, எதிர்முனை இரண்டுக்கும் இடையில் வேறு முனைகளும் இருக்கும். பேட்டரியின் சூட்டையும், அது எந்த வகை என்ற தகவலையும் சார்ஜருக்குச் சொல்வதற்காக இருப்பவை அவை. அவற்றில் அழுக்குப் படிந்தால், கலங்கள் நல்ல நிலையில் இருந்தும், சூட்டை அறிய முடியாத சார்ஜர் மின்சாரம் செலுத்தாது. ஒருமுறை ஒருவர் கொண்டுவந்த பேட்டரியை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, நடு முனை இருந்த பள்ளத்தில் மஞ்சள் நிறத்தில் ஏதோ காய்ந்து வெடித்திருந்தது. வரவேற்பில் கொடுத்த சந்தனத்தைக் கையில் பூசிக்கொண்டு, அதே கையால் பேட்டரி மாற்றியிருக்கிறார். பென்சில் அழிப்பானை மெல்லிய சீவலாக வெட்டி அந்தப் பள்ளத்துக்குள் இரண்டு முறை இழுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். காய்ந்த பின் சார்ஜரில் வைத்ததும் விளக்கு நிதானமாகத் துடிக்கத் தொடங்கியது. கத்தி முனையாலோ உப்புத்தாளாலோ சுரண்டாதீர்கள், முனையின் மேற்பூச்சு போய்விடும். சார்ஜரின் முனைகளையும் துடைக்க வேண்டும். அதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட மறவாதீர்கள்.

அடுத்தது வெப்பநிலை. ஏறத்தாழ 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரையே இந்தப் பேட்டரிகளுக்கு மின்னேற்றலாம். தொடர்ந்து வீடியோ எடுத்துச் சூடேறிய பேட்டரியை அப்படியே சார்ஜரில் செருகினால் அது மறுப்பது நியாயமே. அரை மணி நேரம் ஆற விடுங்கள். ஊட்டியில் உறைபனி விழும் விடியற்காலையில் இதற்கு நேர்மாறான சிக்கல் வருகிறது. உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் கலத்துக்குள் லித்தியம் உலோகமாகவே படிந்துவிடும். அந்தச் சேதத்தை எவராலும் சரிசெய்ய முடியாது என்பதால், பேட்டரியை அறைச் சூட்டுக்கு வரவிட்டே ஏற்ற வேண்டும்.

மூன்றாவது காரணம், ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்து முற்றிலும் வடிந்துபோவது. கலத்தின் மின்னழுத்தம் சுமார் இரண்டரை வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது காவல் மின்சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய சுழியம் காட்டும். சில சார்ஜர்கள் முதலில் மிகச் சிறிய மின்னோட்டம் கொடுத்து இத்தகைய பேட்டரியை எழுப்பிப் பார்க்கும். ஆகவே கண் முன்னால் வைத்துக்கொண்டு சிறிது நேரம் காத்திருந்து பார்ப்பதில் தவறில்லை. ஆனால் 9 வோல்ட் பேட்டரியிலிருந்து கம்பி இழுத்து நேரடியாக உயிரூட்டும் வித்தையை, தொழில் கற்ற நாட்களில் நானே செய்திருந்தாலும், இன்று எவர் கேட்டாலும் செய்ய மறுக்கிறேன். அளவுக்கு மீறி வடிந்த கலத்துக்குள் செப்புத் தகடு கரைந்து, பின்னர் மின்னேற்றும்போது உள்ளேயே குறுக்கிணைப்பு உண்டாகித் தீப்பிடிக்கக்கூடும்.

சீக்கிரம் நிறைந்து சீக்கிரமே தீர்ந்துபோகும் பேட்டரிக்குக் காரணம் முதுமைதான். நிக்கானின் பல கேமராக்களில் பேட்டரியின் வயது 0 முதல் 4 வரை மெனுவிலேயே தெரியும். 4 என்று வந்தால் புதிது வாங்கிவிடுங்கள், அதில் துடைக்கவும் எழுப்பவும் ஒன்றுமில்லை.

வயிறு உப்பிய பேட்டரிக்கு இவற்றில் எதையும் செய்து பார்க்கக் கூடாது. அது கேமராவுக்குள் சிக்கிக்கொண்டால் திருகுளி விட்டு நெம்பாமல், அப்படியே பழுது பார்ப்பவரிடம் கொண்டுசெல்லுங்கள். வெளியே எடுத்ததும் முனைகள்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, குப்பைத் தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு பெறுவோரிடம் சேர்க்க வேண்டும். இந்தியாவின் 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் இவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள்மேல் சுமத்தியிருக்கின்றன. அதுவரை அவற்றை என் கடையில், மரமேசையிலிருந்து தள்ளி, மணல் நிரப்பிய ஒரு இரும்பு வாளியில் போட்டு வைக்கிறேன்.