இருட்டில் நீந்தும் எலி

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆ சாபிள் என்று ஓர் ஆறு. ஜூலை மாதம், நிலா இல்லாத இரவு, மணி பதினொன்று. தொடையளவு தண்ணீரில் நிற்கிறோம். தூண்டில் நரம்பின் நுனியில் இருப்பது புழு அல்ல, மான் முடியில் கட்டிய பொய் எலி.

நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் டிரவுட் மீன் பார்த்திருப்பீர்கள். அது ரெயின்போ டிரவுட். நான் சொல்வது பிரவுன் டிரவுட். ஜெர்மனியிலிருந்து வந்த முட்டைகளில் பொரித்த குஞ்சுகளை 1884இல் மிச்சிகனின் பியர் மார்க்கெட் ஆற்றில் விட்டார்கள். ஆ சாபிளில் முன்பு கிரேலிங் என்ற மீன்தான் ஏராளம். மரம் வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டதிலும், அளவில்லாமல் பிடித்ததிலும் அந்த இனமே அங்கே அற்றுப்போனது. கரையிலுள்ள ஊருக்கு மட்டும் இன்னும் கிரேலிங் என்று பெயர்.

பிரவுன் டிரவுட் பெருத்துவிட்டால் பகலெல்லாம் விழுந்த மரத்தடியில் ஒதுங்கிக் கிடக்கும். இருட்டிய பிறகுதான் ஆழமில்லாத கரையோரத்துக்கு இரை தேடி வரும். ஆற்றை நீந்திக் கடக்கும் எலி அதற்கு ஒரே வாயில் நல்ல சாப்பாடு.

சரி, எலியை எப்படிக் கட்டுவது? மானின் உடல் முடிக்குள் காற்று இருக்கிறது, அதனால் மிதக்கும். பென்சில் தடிமனுக்கு ஒரு கொத்து வெட்டி, அடியிலுள்ள பஞ்சு மயிரைச் சீப்பால் சீவி எடுத்துவிடுங்கள். பஞ்சு இருந்தால் முடி விரியாது. தூண்டில் முள்ளில் முதலில் வாலுக்கு ஒரு மெல்லிய தோல் வார். அப்புறம் முடிக்கொத்தை முள்ளின் தண்டில் வைத்து, நூலை இரண்டு சுற்று தளர்வாகச் சுற்றி, மெதுவாக இழுக்க வேண்டும். நூல் இறுக இறுக முடி நாலாபக்கமும் பூப்போல விரிந்து தண்டைச் சுற்றி உருளும். எத்தனை எலி கட்டியிருந்தாலும் அந்த நொடியில் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அதை விரலால் பின்னுக்குத் தள்ளி நெருக்கிவிட்டு அடுத்த கொத்து. தண்டு நிரம்பியதும் பிளேடால் செதுக்குங்கள். வயிற்றுப்பக்கம் ஒட்ட வெட்டுவது முக்கியம். முடி அடைத்துக்கொண்டால் முள் மீனின் வாயில் ஏறாது.

கண், காது, மீசை எதுவும் வேண்டாம். மீன் கீழிருந்து பார்க்கிறது. வானத்துக்கு எதிரே ஒரு கருத்த உருவம், அதன் பின்னால் விரியும் நீர்க்கோடு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அந்தக் கோட்டுக்காகத்தான் இத்தனை கட்டும்.

வீசும் இடத்தைப் பகலிலேயே நடந்து பார்த்துவிடுங்கள். எங்கே பள்ளம், எங்கே கட்டை என்று காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நரம்பின் நுனிப் பகுதி ஏழடி போதும், தடிமனாக இருக்கட்டும். நெற்றி விளக்கை அணைத்துவிட்டு, எதிர்க்கரையை ஒட்டி, நீரோட்டம் போகும் பக்கமாகச் சற்றே சாய்த்து வீசி, நரம்பை இறுக்கமாக வைத்திருங்கள். நீரோட்டமே எலியைக் குறுக்கே இழுத்து வரும்.

இனி எல்லாம் காதுதான். ‘தபக்’ என்று ஒரு சத்தம், யாரோ தண்ணீரில் செங்கல் போட்டதுபோல. அந்தச் சத்தத்துக்குக் கம்பைத் தூக்கவே கூடாது. பல தடவை மீன் முதலில் எலியை அடித்துப் பார்க்கும், விழுங்கியிருக்காது. முதல் கோடை முழுக்க நான் சத்தம் கேட்டதும் இழுத்து, எலியைத்தான் திரும்பப் பெற்றேன். கையில் கனம் தெரியும்வரை எலி அது பாட்டுக்கு நீந்தட்டும்.

இரண்டாவது கோடையில் ஓரிரவு ஒரே மீன் மூன்று முறை அடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவதில் கம்பு வளைந்தது. தண்ணீருக்குள்ளேயே வைத்து, எதிர்முனை இல்லாத தூண்டில் முள்ளைக் கழற்றினேன். ஈரக்கையில் அது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எத்தனை நீளம் என்று அளக்கவில்லை. வாலை ஒரு தடவை அசைத்தது, என் முழங்கால் மேல் தண்ணீர் தள்ளியது, இருட்டுக்குள் போய்விட்டது.