ஒன்றும் கிடைக்கவில்லையா? அப்படியென்றால் அதுதான் ஆதாரம்!

(திரை: ஓர் அலுவலக அறை. மேசை, மைக்கூடு, காகிதங்களுக்கு நடுவில் ஒரு கைத்துப்பாக்கி.)

1894 அக்டோபர் 15, பாரிஸ். காலை நேரம், லேசான குளிர். ஆல்ஃபிரட் டிரைஃபஸ் என்ற 35 வயது கேப்டனை ராணுவத் தலைமையகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே ஒரு மேஜர், கையில் அடிபட்டதுபோல் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "நான் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதித் தாருங்கள்" என்கிறார். டிரைஃபஸ் எழுதுகிறார். நாலு வரி போனதும் மேஜர் அதட்டுகிறார்: "ஏன் கை நடுங்குகிறது?"

"விரல் சில்லென்று இருக்கிறது" என்கிறார் டிரைஃபஸ்.

அடுத்த சில நிமிடங்களில் கைது. குற்றம், தேசத் துரோகம். கைக்கு எட்டும் தூரத்தில் அந்தத் துப்பாக்கியை வைத்ததும் சும்மா இல்லை. தானே சுட்டுக்கொண்டு செத்தால் வழக்கு நடத்தும் வேலை மிச்சம். அவர் தொடவில்லை.

சரி, என்னதான் நடந்தது? ஜெர்மன் தூதரகத்தில் குப்பைக்கூடையைக் காலி செய்யும் பெண் பிரெஞ்சு உளவுத்துறையின் ஆள். அவர் கொண்டுவந்த கிழிசல்களை ஒட்டிப் பார்த்தால், பிரெஞ்சு ராணுவ ரகசியங்களை விற்க ஒருவன் எழுதிய பட்டியல். கையெழுத்து கொஞ்சம் டிரைஃபஸுடையதைப் போல இருந்தது. டிரைஃபஸ் யூதர். அத்தோடு பலருக்குத் தேடல் முடிந்துவிட்டது.

(திரை: இரண்டு கையெழுத்துகள் அருகருகே.)

ஆனால் உற்றுப் பார்த்தால் எழுத்துகளில் வித்தியாசம் தெரிந்தது. போலீஸில் அடையாளப் பிரிவுத் தலைவராக இருந்த பெர்த்தியோன் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். மாட்டிக்கொண்டால் தப்பிக்க வேண்டும் என்று டிரைஃபஸ் தன் கையெழுத்தையே தானே போலி செய்திருக்கிறாராம்! எழுத்து ஒத்துப்போனாலும் அவர்தான், போகாவிட்டாலும் அவர்தான். வீட்டைச் சோதனை போட்டார்கள், ஒன்றும் சிக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டார் என்றார்கள். பின்னால் எழுத்தாளர் எமிலி ஜோலா இதைத்தான் கிண்டல் செய்தார்: பல மொழி தெரியும், அது குற்றம், பதறவில்லை, அது குற்றம், பதறினார், அதுவும் குற்றம்.

யூத வெறுப்பைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் கிடையாது. 'ஆன்டிசெமிட்டிசம்' என்கிறார்களே, அதுதான். அந்தச் சொல்லே 1879 வாக்கில் ஜெர்மனியில், யூதர்களை வெறுத்தவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். பழைய மத வெறுப்புக்கு 'இனம்' என்ற புதுச் சட்டை. மற்றவர்களை வெறுக்கும்போது பெரும்பாலும் மட்டம் தட்டுவார்கள். யூதர்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேரும்: "இவர்கள் பலசாலிகள், தந்திரக்காரர்கள், திரைக்குப் பின்னால் இருந்து ஆட்டிவைக்கிறார்கள்." மறைந்திருப்பதுதான் குற்றச்சாட்டு என்றால், கண்ணுக்கு ஒன்றும் படாததே சாட்சியாகிவிடும் இல்லையா?

இதெல்லாம் பழைய பாரிஸ் கதை என்று நினைக்காதீர்கள். "உலகை ஆளும் 13 குடும்பங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுற்றுகிறதே, எங்கள் சித்தப்பா அதை எனக்கு மூன்று முறை அனுப்பிவிட்டார். ஒருநாள் கேட்டேன். "சித்தப்பா, நீங்க ஒரு யூதரையாவது நேர்ல பாத்திருக்கீங்களா?" "இல்லப்பா. அதான் அவங்க சாமர்த்தியமே! வெளியவே தெரிய மாட்டாங்க." பெர்த்தியோனும் இதைத்தானே சொன்னார்?

(திரை: உடைந்த வாள். கடலில் ஒரு சிறு தீவு.)

ராணுவ நீதிமன்றம் மூடிய கதவுக்குள் விசாரித்தது. நீதிபதிகளிடம் ஒரு ரகசியக் கோப்பு போனது. டிரைஃபஸின் வக்கீலுக்கு அதைக் காட்டவே இல்லை. ஆயுள் தண்டனை. 1895 ஜனவரி 5 அன்று சீருடைப் பட்டைகளைப் பிய்த்து, வாளை உடைத்து அவமானப்படுத்தினார்கள். வெளியே கூட்டம் யூதனுக்குச் சாவு என்று கத்தியது. அப்புறம், தென் அமெரிக்கக் கரையோரம் உள்ள சாத்தான் தீவு.

இதை எதிர்த்தது யார்? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. 1896இல் உளவுப் பிரிவின் தலைவராக இருந்த பிக்கார், எஸ்டர்ஹாசி என்ற வேறொரு அதிகாரியின் கடிதத்தைப் பார்க்கிறார். அந்தப் பட்டியலில் இருந்த அதே கையெழுத்து. பெர்த்தியோனிடம் காட்டினால், "இப்படி எழுத யூதர்கள் ஓர் ஆளுக்கு ஒரு வருடமாகப் பயிற்சி கொடுத்திருப்பார்கள்" என்றாராம். பிக்கார் யூதர்களின் நண்பர் இல்லை. அவருக்கும் யூதர்களைப் பிடிக்காது. அந்த யூதன் தீவில் கிடந்தால் உமக்கென்ன என்று மேலதிகாரி கேட்டபோது, "அவர் நிரபராதி ஆயிற்றே" என்றார். அதற்குப் பரிசு, துனீசியாவுக்கு மாற்றல், பிறகு சிறை.

எதிர்ப்பதற்கு எல்லோரையும் நேசிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கையில் இருக்கும் காகிதத்தை ஒழுங்காகப் படித்தால் போதும்.

டிரைஃபஸின் அண்ணன் மத்தியூ செய்ததும் அதுதான். பட்டியலின் பிரதியை அச்சடித்து ஊரெல்லாம் விட்டார். ஒரு பங்குத் தரகர் அதைப் பார்த்துவிட்டு, "இது என் வாடிக்கையாளர் எஸ்டர்ஹாசியின் எழுத்து!" என்றார். அப்படியும் எஸ்டர்ஹாசி விடுதலை! அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான், 1898 ஜனவரி 13 அன்று, டிரைஃபஸுக்கு நியாயம் கேட்டு ஜோலாவின் பகிரங்கக் கடிதம் வந்தது.

(திரை: விளக்கின் கீழ் ஒரு தாள். கட்டங்கள் பெரிதாகின்றன.)

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், ராணுவம் பெருமையாகக் காட்டிய 'புதிய ஆதாரம்' ஒன்றை இரவில் விளக்கடியில் ஓர் அதிகாரி பார்க்கிறார். கட்டம் போட்ட தாள். ஒரு பகுதியில் கோடுகள் ஒரு நிறம், இன்னொரு பகுதியில் வேறு நிறம். இரண்டு கடிதங்களை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்! செய்த கர்னல் ஆன்றி ஒப்புக்கொண்டு, மறுநாள் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். உடனே யூத வெறுப்பாளர்கள் திருந்திவிட்டார்களா? தேசபக்திக்காகச் செய்த போலி அது என்றார்கள். ஆன்றியின் மனைவிக்காக ஒரு பத்திரிகை நிதி திரட்டியபோது 1 லட்சத்து 30 ஆயிரம் பிராங்குக்கு மேல் குவிந்தது.

அதனால் சித்தப்பாவோடு ஆதாரத்தைக் காட்டி மட்டும் மல்லுக்கட்டுவதில் பலன் குறைவு. நான் இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன்: "எதைக் காட்டினால் நீங்கள் மனசை மாற்றிக்கொள்வீர்கள்?" பதில் இல்லை என்றால், குழுவில் படித்துக்கொண்டிருக்கும் மற்ற பத்துப் பேருக்கு அது புரிகிறது.

இஸ்ரேலைப் பற்றிப் பேசவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகப் பேசலாம். காஸாவில் அந்த அரசு செய்வதைக் கடுமையாகவே கண்டிக்கலாம். அரசு, அமைச்சர், ராணுவம் என்று யாரைச் சொல்கிறோமோ அவரைச் சொல்லுங்கள். அந்த இடத்தில் 'யூதர்கள்' என்று வந்து, பாரிஸில் ரொட்டிக்கடை வைத்திருப்பவர் பதில் சொல்ல வேண்டியதாகும்போது வாக்கியம் கோணலாகிவிடுகிறது.

(திரை: மோன்பர்னாஸ் கல்லறைத் தோட்டம்.)

டிரைஃபஸ் நிரபராதி என்று 1906 ஜூலை 12 அன்று தீர்ப்பானது. மறுபடி ராணுவத்தில் சேர்ந்தார், முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காகவே பணியாற்றினார், 1935இல் இறந்தார். பாரிஸில் அவருடைய கல்லறையில் இன்னொரு பெயரும் இருக்கிறது. அது அவருடைய பேத்தியின் பெயர். நாஜிகளை எதிர்த்து வேலை செய்த அந்தப் பெண்ணைப் பிடித்து ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அவர் திரும்பவில்லை.