கோணி ஊசியால் தைத்த புத்தகம்

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணித் தோழர்களுக்கும், வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வெகுஜனக் கதைகள் தமிழ் வாசகரை வளர்த்தனவா, தேக்கி வைத்தனவா? வளர்த்தன என்று பேச நான் வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி மூன்று குற்றச்சாட்டுகளை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்தக் கதைகள் பொழுதைப் போக்கின, யோசிக்க வைக்கவில்லை என்றார். பாதிக்கு மேல் இங்கிலீஷில் இருந்து எடுத்த சரக்கு என்றார். இதைப் படித்தவர்கள் இதிலேயே நின்றுவிட்டார்கள், நல்ல இலக்கியத்தின் பக்கம் ஏறி வரவே இல்லை என்று முடித்தார். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் என் கையில் இருக்கும் இந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

எந்தக் கடையிலும் கிடைக்காத புத்தகம் இது. என் அம்மா செய்தது. அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. வாரப் பத்திரிகை வீட்டுக்கு வந்து எல்லோரும் படித்து முடித்ததும், நடுவில் இருக்கும் பின்னை நகத்தால் நிமிர்த்திக் கழற்றி, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழியாமல் உருவி எடுப்பார். அது டிரங்குப் பெட்டிக்கு அடியில் போகும். நாற்பது வாரம் கழித்துக் கதை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வேலை ஆரம்பிக்கும். மைதா மாவைக் கிண்டிப் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார். கோணி ஊசியில் நூலைக் கோத்து மூன்று இடத்தில் தைத்து, புடவைப் பெட்டியின் அட்டையை மேலே ஒட்டி, இரவு முழுக்க அம்மிக்கல்லைத் தூக்கி வைத்து அழுத்தினால் காலையில் புத்தகம் தயார். அப்புறம் அது தெருவில் ஆறு வீடு சுற்றும். திரும்பி வரும்போது ஏதாவது ஒரு பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் அரைத்த விரலின் ரேகை இருக்கும். அடுப்படியில் நின்றுகொண்டே யாரோ படித்திருக்கிறார்கள். இந்தப் புத்தகத்திலும் இருக்கிறது, அப்புறம் காட்டுகிறேன்.

நடுவர் அவர்களே, இப்படி அடுப்படியில் நின்று படித்த பெண்ணைத் தேடி அன்றைக்கு வேறு எந்த எழுத்து வந்தது? பள்ளிக்கூடம் அவளைப் பாதியில் அனுப்பிவிட்டது. நூலகத்துக்குத் தனியாகப் போக வீட்டில் விடமாட்டார்கள். தொடர்கதை மட்டும் வாரம் தவறாமல் வாசல் வரைக்கும் வந்தது.

வை.மு.கோதைநாயகி அம்மாளின் பெயரை இந்த மேடையில் இதுவரை யாரும் சொல்லவில்லை. 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் நாடகம் மனசுக்குள் உருவானபோது அதைக் காகிதத்தில் இறக்க அவருக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதிக்கொடுத்தார். அந்த நிலையில் தொடங்கியவர் எழுதக் கற்றுக்கொண்டு 115 நாவல் எழுதினார். 1925இல் ஜகன்மோகினி என்ற பத்திரிகையைக் கையில் எடுத்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போனார், அங்கேயும் எழுதினார். பெண் நாவல் படித்தால் கெட்டுப்போவாள் என்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பெண் எழுதிய நாவலைப் பெண்கள் வாங்கிப் படித்தார்கள். துப்பறியும் கதை இருந்தது, அழவைக்கும் கதை இருந்தது, விதவை மறுமணத்தைப் பேசும் கதையும் அதே பத்திரிகையில் இருந்தது. இலக்கிய வரலாற்றுப் புத்தகங்கள் அவருக்கு ஒரு வரியோ இரண்டு வரியோ கொடுக்கின்றன. எனக்கு அது பொறுக்கவில்லை.

இன்னொரு கணக்கு. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். சரியாக அந்தச் சமயத்தில், 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை, கல்கி வாரம் வாரம் பொன்னியின் செல்வனை எழுதினார். நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் படிக்கத் தெரிந்த நாட்டில் ஒரு கதைக்காக மூன்றரை வருஷம் வீடுகள் காத்திருந்தன என்றால், ஒருவர் படிக்கப் பலர் கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். திண்ணையில் பேரன் படிப்பான், பாட்டி கேட்பாள். தடுமாறினால் பாட்டி விடமாட்டாள், திருப்பிப் படி என்பாள். அந்தப் பையனுக்கு அதைவிட நல்ல தமிழ் வகுப்பு எங்கே கிடைத்திருக்கும்?

சரி, முதல் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். யோசிக்க வைக்கவில்லையாம். நான் பெரியவர்கள் கதைக்குக்கூடப் போகவில்லை, குழந்தைகள் கதையையே எடுத்துக்கொள்கிறேன். 1947 ஜூலையில், சுதந்திரத்துக்கு ஒரு மாதம் முன்னால், சென்னையில் இருந்து அம்புலிமாமா என்ற சிறுவர் மாத இதழ் வந்தது. நாங்கள் படித்த காலத்தில் அதில் விக்கிரமாதித்தன் கதை வராத மாதம் கிடையாது. கே.சி.சிவசங்கரன் வரைந்த அந்தப் படம் இங்கே பலருக்குக் கண்ணை மூடினாலே தெரியும்: ஒரு கையில் உருவிய வாள், தோளில் பிணம், பின்னால் சுடுகாடு. "தன் முயற்சியில் சற்றும் மனம் தளராத விக்கிரமன்" என்று கதை ஆரம்பிக்கும். முடியும்போது வேதாளம் ஒரு கேள்வி கேட்கும். யார் செய்தது நியாயம்? யாருக்கு அந்தப் பெண்? யார் உண்மையான தியாகி? ராஜாவின் பதிலைப் படிப்பதற்கு முன்னால் அண்ணனும் நானும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடித்துக்கொள்வோம். நீ சொல்வது தப்பு, அவன் பொய் சொன்னான் இல்லையா, அதனால் அவன்தான் குற்றவாளி என்று அண்ணன் நிற்பான். உயிரைக் காப்பாற்றத்தானே சொன்னான் என்று நான் நிற்பேன். எட்டு வயதுப் பிள்ளையும் பத்து வயதுப் பிள்ளையும் நீதியைப் பற்றிச் சண்டை போட்ட இடம் அது. இன்றைக்கு இந்த மேடையில் நின்று வாதாட எனக்கு வாய் இருக்கிறது என்றால் வேதாளம் கொடுத்த வாய்தான்.

வாண்டுமாமாவைச் சொல்லாமல் போனால் என் மனசு கேட்காது. வி.கிருஷ்ணமூர்த்தி என்ற இயற்பெயர் கொண்ட அந்த மனிதர் கோகுலம், பூந்தளிர் என்ற சிறுவர் இதழ்களில் ஆசிரியராக உழைத்தார். மாயாஜாலக் கதை, படக்கதை, அறிவியல் கட்டுரை, வரலாறு எல்லாம் ஒரே ஆள் எழுதினார், எல்லாமே குழந்தைகளுக்காக. குழந்தைக்கு எழுதுவது சின்ன வேலை என்று நினைக்கும் ஊரில் ஒரு ஆயுளையே அதற்குக் கொடுத்தவர். 2014இல் அவர் மறைந்தபோது நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் வீட்டுப் பெரியவர் போனதைப்போல வருத்தப்பட்டார்கள். தீவிர இலக்கியத்தில் அந்த வயதுக்கு என்ன இருந்தது என்று எதிரணி சொல்லட்டும். பத்து வயதில் பசித்தவனுக்கு இருபது வயதில் சாப்பாடு போடுகிறேன் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, தழுவல். இதை நான் மறுக்கவில்லை. நாவலாசிரியர் ஆரணி குப்புசாமி முதலியார் காலத்தில் இருந்தே இங்கிலீஷ் துப்பறியும் கதைகள் தமிழ்ச் சட்டை போட்டு வந்தன. மூலத்தின் பெயரைச் சொல்லாமல் விட்ட இடங்களில் அது தப்புதான். ஆனால் 1972இல் சிவகாசியில் இருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தபோது, அது இங்கிலாந்துச் சரக்கு என்று அதைப் படித்த பையன்களுக்கு என்ன கவலை? மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும் ஒரு ஆள். அந்தக் கை அடுத்த கட்டத்தில் என்ன செய்யப்போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் படத்துக்கு மேலே இருக்கும் தமிழைப் படித்தாக வேண்டும். படித்தார்கள். பாடப் புத்தகத்தைத் தொடாத பையன்கள் ஒரே மூச்சில் அறுபது பக்கம் படித்தார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். அங்கேயே நின்றுவிட்டார்கள் என்றார் சகோதரி. என் கதையைச் சொல்கிறேன். பதினான்கு வயதில் சுஜாதா கையில் சிக்கினார். அவர் கதைகளில் வரும் வக்கீல்கள் கணேஷும் வசந்தும் கோர்ட்டுக்குப் போகும் வேகத்தில் நானும் கூடவே ஓடினேன். பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த பொறியாளர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்குள்ளவர், ஆனால் ஒரு வாக்கியம்கூடப் புரியாமல் எழுதமாட்டார். 1980களில் அவர் கதையில் ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படித்துத் தத்துவம் பேசியதைப் படித்துவிட்டு, எங்கள் தெரு நாயை நான் ஒரு வாரம் மரியாதையாகப் பார்த்தேன். அதே சுஜாதா கணையாழி என்ற சிற்றிதழில் கடைசிப் பக்கத்தை வருஷக்கணக்கில் எழுதினார். அதில் புதுக்கவிதை இருக்கும், சங்கப் பாட்டு இருக்கும், யாரும் கேள்விப்படாத ஒரு இளம் எழுத்தாளர் பெயர் இருக்கும். கொலையாளி யார் என்று தேடி வந்தவனைக் கையைப் பிடித்துக் கவிதைக்குக் கூட்டிப்போனார். எதிரணி நண்பர்கள் உயர்வாகப் பேசும் எழுத்தாளர்களில் பாதிப் பேரை எனக்கு அறிமுகம் செய்து வைத்தவர் ஒரு வெகுஜன எழுத்தாளர்.

இன்னும் ஒன்று. நீங்கள் பெருமையோடு சொன்ன தி.ஜானகிராமனின் மோகமுள் எங்கே வந்தது? சுதேசமித்திரன் வார இதழில், தொடர்கதையாக. ஜெயகாந்தனின் அக்னிப் பிரவேசம்? ஆனந்த விகடனில். நகைச்சுவைத் துணுக்குக்கும் கூந்தல் தைல விளம்பரத்துக்கும் நடுவில்தான் அவையும் வந்தன. என் அம்மா உருவி எடுத்த பக்கங்களில் அவர்களும் இருந்தார்கள். யாருடையது தீவிரம், யாருடையது வெகுஜனம் என்று அம்மா பிரித்துத் தைக்கவில்லை.

அதற்காக எல்லாமே பொன் என்று நான் சொல்லமாட்டேன். அதட்டி அடக்குகிற ஆணைக் காதலனாகக் காட்டிய குடும்ப நாவல்கள் ஏராளம். அந்த அதட்டலையே அன்பு என்று எடுத்துக்கொண்டு வாழப்போன பெண்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதைச் சொல்லாமல் மறைத்தால் என் அணிக்கே துரோகம். காட்டுவாசிகளை முட்டாள்களாக வரைந்த சித்திரக்கதைகளும் உண்டு. ஆனால் நடுவர் அவர்களே, இந்தத் தப்பை முதலில் என்னிடம் சொன்னது விமர்சகர் இல்லை. எங்கள் அத்தை. இருநூறு நாவலுக்கு மேல் படித்தவர், ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "இவன் பேசுற பேச்சுக்கு இவள் வீட்டைவிட்டுப் போயிருக்கணும். எழுதினவங்களுக்கு அது தோணலை பாரு" என்றார். தேங்கிப்போன வாசகி பேசுகிற பேச்சா அது?

பஸ் ஸ்டாண்ட் கடைகளில் சணலில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, இந்திரா சௌந்தர்ராஜன். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு ராஜேஷ்குமார் மட்டும் 1500 நாவலைத் தாண்டி எழுதியிருக்கிறார். சட்டைப் பையில் மடித்து வைக்கிற அளவு, ஒரு பஸ் பயணத்தில் முடிகிற நீளம். எங்கள் ஊரில் இரவு ஷிப்ட் முடிந்து முதல் பஸ்ஸில் வருகிற மில் தொழிலாளி ஒருவர், தலைமுடியில் பஞ்சுத்தூசு ஒட்டியிருக்க, ஜன்னலோர வெளிச்சத்துக்குப் புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்துப் படிப்பார். தூக்கம் சொக்கும். கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவார். எட்டு மணி நேரம் தறியோடு நின்றவர் தூங்காமல் படித்தார், நடுவர் அவர்களே. 2008இல் சென்னையில் இருந்து ஒரு பதிப்பகம் இந்த மாதிரிக் கதைகளை இங்கிலீஷில் தொகுத்துப் போட்டபோது வெளியூர்க்காரர்கள் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். அந்த மில் தொழிலாளிக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருந்திருக்காது.

மணி அடித்துவிட்டார்கள், ஒரு நிமிடம் மட்டும் கொடுங்கள்.

இந்தப் பைண்டு புத்தகத்தில் இருபத்து மூன்றாவது வாரம் கிடையாது. அந்த வாரம்தான் என் தங்கை பிறந்தாள், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார், பத்திரிகை எங்கேயோ போய்விட்டது. வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் படித்தார். அடுத்தவர் பத்திரிகையைக் கிழிக்க முடியாது இல்லையா, அதனால் என் கணக்கு நோட்டில் ஒரு தாளை எடுத்து, அந்த வாரம் நடந்ததைத் தன் வார்த்தையில் எழுதி, இருபத்திரண்டுக்கும் இருபத்து நான்குக்கும் நடுவில் வைத்துத் தைத்துவிட்டார். அரைப் பக்கம். ஒற்றெழுத்து பல இடத்தில் விட்டுப்போயிருக்கிறது. மளிகைக் கணக்கையும் ஊருக்கு எழுதும் நாலு வரிக் கார்டையும் தவிர அம்மா எழுதி நான் பார்த்தது இது ஒன்றுதான். கடைசி வரியில், "அவள் கதவை திறந்தாள். வாசலில் யார் என்று அடுத்த வாரம்" என்று நிறுத்தியிருக்கிறார். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தத் தாளின் ஓரத்தில்தான் நான் சொன்ன மஞ்சள் ரேகை இருக்கிறது. புத்தகத்தை உங்கள் மேசையில் வைக்கிறேன், நடுவர் அவர்களே. தாள் ரொம்பப் பழசு, மெதுவாகத் திருப்புங்கள். வணக்கம்.